மூச்சே வாங்காத இல்மார்

எங்கள் சிற்றூரான எல்வாவில் விறகடுப்பு வைத்திருக்கும் யாருக்கும் இல்மார் கிர்ஸைத் தெரியும். வருடத்துக்கு ஒரு முறையாவது அவர் வந்து கூரைமேல் ஏறிப் புகைபோக்கியைத் துடைத்துவிட்டுப் போனால்தான் வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி. கறுப்புச் சட்டை, பித்தளைப் பொத்தான், தோளில் சுருட்டிய கம்பிவடம், அதன் நுனியில் ஓர் இரும்புக் குண்டு, குண்டுக்கு மேலே தூரிகை. செவ்வாய்க்கிழமை மாலையானால் அதே மனிதர் குளித்து, நகக்கண்ணில் இருக்கும் கரியைச் சுரண்டி எடுத்து, கலாசார மன்றத்தில் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் வந்து நிற்பார். அவருடையது அடிக்குரல். தரைக்குக் கீழேயிருந்து வருவதுபோல் இருக்கும்.

நான் அவருக்கு நேர் முன்னால் நிற்பவள். பத்தொன்பது வருடமாக அங்கேதான் நிற்கிறேன். எனக்கு முடி வெட்டும் தொழில். ஊரில் எல்லாருடைய பின்னந்தலையும் எனக்கு அத்துப்படி. என் பின்னந்தலை அத்துப்படியான ஒரே ஆள் இல்மார். ஜனவரி மாதக் குளிரிலும் அவர் பாடும்போது என் பிடரியில் சூடான காற்று வந்து படும். மற்ற பெண்கள் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணியோடு நிற்பார்கள். எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

இல்மாருக்கு எங்கள் குழுவில் ஒரு புகழ் உண்டு. அவர் மூச்சு வாங்க மாட்டார். நாங்கள் பாடும் பாட்டு ஒன்றின் கடைசிச் சொல்லை நாற்பது பேரும் சேர்ந்து இருபத்தெட்டு விநாடி இழுக்க வேண்டும். மனிதப் பிறவியால் முடியாத காரியம். ஆகவே ஆளுக்கு ஒரு நேரத்தில் நடுவில் மூச்சு வாங்கிக்கொள்வோம். இல்மார் மட்டும் வாங்குவதில்லை என்பது ஊரறிந்த செய்தி. புதிதாகச் சேர்பவர்களிடம், "மூச்சு முட்டினா பயப்படாத, இல்மார் இருக்கான்" என்றுதான் முதல் பாடமே சொல்லிக்கொடுப்போம். அவர் இதைத் தன் வாயால் சொல்லிக்கொண்டதில்லை. மறுத்ததும் இல்லை. யாராவது புகழ்ந்தால் மேலே விட்டத்தைப் பார்ப்பார், அங்கே ஒட்டடை இருக்கிறதா என்று பார்ப்பவர்போல.

தால்லின் நகரத்தில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் பாட்டு விழாவுக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு முன் நடுவர்கள் முன்னால் பாடித் தேற வேண்டும். போன தடவை நாங்கள் மயிரிழையில் தேறினோம். நடுவர்கள் எழுதி அனுப்பிய தாளில் ஒரு வரி இருந்தது: 'இறுதியில் குழு மொத்தமாக மூச்சு வாங்குகிறது, ஏரியில் மூழ்கியவர்கள் எழுந்ததுபோல் கேட்கிறது.' முன்னால் நின்று கையசைத்து எங்கள் பாட்டை நடத்தும் ஊர்வெ அந்தத் தாளை ஐந்து வருடமும் கைப்பையில் வைத்திருந்தாள். விழாவுக்குத் தேறாமல் போவது எல்வாவில் விவாகரத்தைவிடப் பெரிய அவமானம். விவாகரத்தானவளாவது தெருவில் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

இந்தத் தடவை தேர்வு மார்ச் மாதம். ஜனவரியில் ஊர்வெ பக்கத்து நகரமான தார்த்துவிலிருந்து ஒருத்தியை அழைத்து வந்தாள். பெயர் மைரே. பாடுகிறவர்கள் எப்படி மூச்சு வாங்குகிறார்கள் என்பதைக் கருவி வைத்து ஆராயும் பொறியாளர். கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் இழுத்தால் நீளும் பட்டைகள். ஆளுக்கு இரண்டு: ஒன்று மார்பைச் சுற்றி, ஒன்று வயிற்றைச் சுற்றி. பட்டைக்குள் மெல்லிய கம்பி ஓடுகிறது. மூச்சை உள்ளே இழுத்தால் பட்டை விரியும், சுவரில் விழும் படத்தில் ஒரு கோடு மேலே ஏறும். வெளியே விட்டால் கோடு இறங்கும். ஒரு தடவைக்கு நாலு பேருக்குக் கட்டலாம்; அவர்கள் குரலைப் பதிவு செய்ய ஆளுக்கு ஓர் ஒலிவாங்கியும் உண்டு.

"ரொம்ப சுலபம். நீங்க எப்பவும்போல பாடுங்க. மிச்சத்த அது பாத்துக்கும்" என்றாள் மைரே.

முதல் வாரம் முழுக்க வேடிக்கைதான். அக்ஸெலுக்கு வயிற்றுப் பட்டை எட்டவில்லை. அக்ஸெல் ரயிலில் பயணச்சீட்டு பார்ப்பவன், அடிக்குரல்காரன், இல்மாருக்குப் பக்கத்தில் நிற்பவன். இரண்டு பட்டைகளை ஒன்றாக முடிந்து கட்ட வேண்டியிருந்தது.

"இது மூச்சு இல்லம்மா, முப்பது வருஷத்துப் பன்றிக்கறி" என்றான் மைரேயிடம். "கோடு ஏறலன்னா தப்பா நெனச்சுக்காத."

ஊர்வெயும் கட்டிக்கொண்டாள். "மூச்ச அடிவயித்துக்கு எறக்குங்க" என்று இருபத்திரண்டு வருடம் எங்கள் உயிரை வாங்கியவள். பாட்டை நடத்தச் சொன்னோம். கடைசிச் சொல் வந்ததும் அவளுடைய கோடு மேலே ஏறி அப்படியே நின்றுவிட்டது. இருபத்தெட்டு விநாடியும் அசையவில்லை. அவள் எங்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கடைசிச் சொல்லில் அவள் முகம் ஏன் பீட்ரூட் நிறமாகிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் அதுவரை அதை உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது வாரம் அடிக்குரல்காரர்களின் முறை. மொத்தமே நாலு பேர்தான்.

"எனக்கு எதுக்கு?" என்றார் இல்மார். "புதுசா வந்தவங்களுக்குக் கட்டுங்க."

"உனக்குத்தான் மொதல்ல கட்டணும்" என்றான் அக்ஸெல். "உன் கோட்டப் படம் எடுத்து இங்க மாட்டி வைக்கப்போறோம்."

"சட்டை புதுசு. கசங்கும்."

"கசங்கினா உன் பொண்டாட்டி வைக்கே தேச்சுக் குடுப்பா. கைய தூக்கு."

இல்மார் கையைத் தூக்கினார். கொஞ்சம் நேரம் எடுத்துத் தூக்கினார். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை.

பாடினோம். கடைசிச் சொல்லை இழுத்தோம். முடிந்ததும் எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பினோம். நாலு நிறத்தில் கோடுகள். மூன்று கோடுகளில் ஆளுக்கு இரண்டு மூன்று பெரிய மேடுகள். நாலாவது நீலம். அதில் மேடே இல்லை. சின்னச் சின்னப் பற்கள், கத்திரியால் வெட்டியதுபோல.

மைரேக்கு எங்கள் ஊர்க் கதை எதுவும் தெரியாது. கோட்டை விரலால் எண்ணினாள்.

"இந்த நீலம் யாரு? ஏழு தடவ மூச்சு வாங்கியிருக்கார்."

கருவியில் தவறு இருக்கலாம் என்று மறுபடி பாடச் சொன்னாள் ஊர்வெ. பாடினோம். இந்தத் தடவை எட்டு.

முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை தகராறு. நான் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அக்ஸெல்தான் வாய்விட்டுச் சொன்னவன்: "டேய், நீ வாங்கலன்னு நம்பித்தானடா நான் ரெண்டு தடவ வாங்கினேன். எட்டு தடவையா? மீனுக்குக்கூட இவ்வளவு தேவையில்லையே."

மன்றமே சிரித்தது. "காத்துக் கள்ளன்" என்றாள் மேல்குரல் வரிசையில் ஒருத்தி. கேலியில் விஷம் எதுவும் இல்லை; எங்கள் ஊரில் பிடித்தவர்களைத்தான் கேலி செய்வோம். ஆனால் இல்மார் விட்டத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பட்டைகளையும் அவிழ்த்தார். அவற்றைச் சுருக்கம் இல்லாமல் மடித்து மைரேயின் பெட்டிக்குள் வைத்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பயிற்சிக்குப் பிறகு காப்பியும் ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டியும் உண்டு; அந்த ரொட்டியை ஒரு நாளும் விட்டுப் போகாத மனிதர்.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. என் பிடரி குளிர்ந்தது.

மூன்றாவது வாரம் அவர் மனைவி வைக்கே முடி வெட்டிக்கொள்ள வந்தாள். எங்கள் மொழியில் வைக்கே என்றால் அமைதியானவள் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். கழுத்தில் துணி கட்டி முடிப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எட்டு தடவையாமே. அதுக்கே இப்படியா சிரிச்சீங்க?"

"வைக்கே, யாரும் மனசு நோகணும்னு..."

"தெரியும். நோகட்டும்னு இல்ல, நொந்துபோச்சு. அவ்வளவுதான். இந்த மனுஷனுக்கு ஒம்பது வருஷத்துக்கு முன்னால நிமோனியா வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அந்த இலையுதிர் காலம் முழுக்க அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு குணமாகி வந்துவிட்டார் என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

"குணமாச்சு. நுரையீரல் பழைய அளவுக்குத் திரும்பல. அஞ்சுல மூணு பங்குதான் வேலை செய்யுதாம். டாக்டரம்மா பாடலாம்னாங்க, நல்லதுதான்னாங்க. ஆனா பழையபடி இழுக்க முடியாது. இத என்கிட்டயே அவன் சொல்லல. டாக்டரம்மாதான் சொன்னாங்க."

"உன்கிட்டயே சொல்லலயா?"

"மாசாமாசம் தார்த்து போய் உறிஞ்சுற மருந்து வாங்கிட்டு வரான். இங்க நம்ம மருந்துக் கடையில வாங்கினா ஊருக்குத் தெரிஞ்சுடும்ல. என்கிட்ட தூண்டில் முள்ளு வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போறான். ஒம்பது வருஷமா தூண்டில் முள்ளு வாங்கறான். வீட்டுக்கு ஒரு மீன் வந்ததில்ல."

"நீ கேக்கலயா?"

"கேட்டா பொய் சொல்லணும், பாவம். அவனுக்குப் பொய் சொல்ல வராது. பக்கவாட்டுல இன்னும் கொஞ்சம் எடு."

நான் எடுத்தேன். அவர் இருமினால் என் தலைமயிர் பறக்கும் தூரத்தில் ஒன்பது வருடம் நின்றிருக்கிறேன்.

இதற்கிடையில் பயிற்சியில் பெரிய சங்கடம். இல்மார் இல்லாமல் கடைசிச் சொல் நிற்கவில்லை. பன்னிரண்டாவது விநாடியிலேயே அடிக்குரல் அறுந்தது. மிச்சம் மூன்று பேரும் சரியாக ஒரே சமயத்தில் மூச்சு வாங்கினார்கள். எல்லாரும் வாங்கும் இடம் அதுதான்.

மைரே அன்று பழைய பதிவை எடுத்துப் போட்டாள். அதே பாட்டு, இல்மார் இருந்த நாளில் பாடியது. சுவரில் நீலக் கோடு ஓடியது. "ஒவ்வொரு பல்லு வர்றப்பவும் கவனமா கேளுங்க" என்றாள். கேட்டோம். எதுவும் கேட்கவில்லை. அவர் ஒலிவாங்கியில் பதிவானதை மட்டும் தனியாகப் போட்டாள். அப்போதும் ஒரு சின்னத் தளர்வுகூடப் பிடிபடவில்லை.

"இத நான் பன்னெண்டு தடவ கேட்டேன்" என்றாள் மைரே. "தார்த்துல தொழிலா பாடறவங்க எத்தனையோ பேருக்குக் கட்டிப் பாத்திருக்கேன். இப்படி ஒருத்தர் மூச்சு வாங்கி நான் பாத்ததில்ல. இன்னொண்ணு கவனிச்சீங்களா? மத்த மூணு பேரும் வாங்கறப்ப இவர் வாங்கவே இல்ல. அவங்க பாடிட்டு இருக்கறப்பதான் வாங்கறார். மூணு பேரோட மூச்சும் இவருக்கு மனப்பாடம்."

அக்ஸெல் நாற்காலியில் உட்கார்ந்தான். அன்று அவன் காப்பி குடிக்கவில்லை.

மறுநாள் நானும் ஊர்வெயும் அக்ஸெலும் இல்மாரைத் தேடிப் போனோம். ரொட்டிக்கடையில் புகை உள்ளே திரும்புகிறதென்று கூப்பிட்டிருந்தார்கள். அவர் கூரைமேல் இருந்தார். பனி உருகும் நாள், ஓடு முழுக்க ஈரம். கீழே நின்று கத்திப் பேச வேண்டியிருந்தது.

"இல்மார், எறங்கி வா" என்றாள் ஊர்வெ.

"வேலை இருக்கு."

"பேசணும்."

"அங்கேர்ந்தே பேசு. காது நல்லாத்தான் இருக்கு. அதுக்கு யாரும் பட்டை கட்டலயே."

அக்ஸெல் தொப்பியைக் கழற்றினான். அவன் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. ரயிலில் பயணச்சீட்டு இல்லாதவர்கள்தான் அவனிடம் கேட்பார்கள்.

"டேய், நான் அன்னிக்குச் சொன்னது... மீனு அது இதுன்னு... அது தப்புடா."

"நான் எப்பவாவது மூச்சு வாங்கமாட்டேன்னு சொன்னேனா?" என்று கூரையிலிருந்து கேள்வி வந்தது.

"சொல்லல."

"நீங்களா சொல்லிக்கிட்டீங்க."

"நாங்களாத்தான்."

"மொதல்ல அது நெசமாவும் இருந்துச்சு" என்றார் இல்மார். கம்பிவடத்தைச் சுருட்டிக்கொண்டு ஏணியில் இறங்கத் தொடங்கினார்.

ஏணியின் நடுவில் நின்றார். ஒரு படியின் ஆணியை விரலால் தட்டிப் பார்த்தார். ஆணியில் ஒரு குறையும் இல்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இந்த ஏணியில் இப்படி நின்று ஆணி தட்டுவதை ஊரே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறது. கவனமான வேலைக்காரர் என்று பாராட்டவும் செய்திருக்கிறது. நாங்கள் மூவரும் வேறு பக்கம் பார்த்தோம். அவர் தட்டி முடிக்கட்டும் என்று காத்திருந்தோம்.

கீழே வந்ததும் அவரே சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு முதல் பயிற்சியில் பத்தாவது விநாடியிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். பக்கத்தில் அக்ஸெல் கண்ணை மூடி நிம்மதியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "நான் இருக்கேன்னு நம்பி வாங்கறான். எப்படிச் சொல்றது? வீட்டுக்குப் போய்ப் பழகினேன். விறகுக் கொட்டகையில. மூணு மாசம்."

"அத எங்களுக்குச் சொல்லிக்குடு" என்றாள் ஊர்வெ.

"திருட்ட எப்படிச் சொல்லித்தர்றது? வெக்கமா இருக்காது?"

"இருக்கட்டும். மார்ச்சு வரைக்கும் வெக்கப்படு. அப்புறம் விட்டுடு."

ரொட்டிக்கடைக்காரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "புகை இன்னும் திரும்புதே" என்றாள். இல்மார் மறுபடி ஏணியைப் பிடித்தார். "செவ்வாக்கிழமை பாக்கலாம்" என்றார். அது எங்கள் ஊரில் சம்மதம்.

வந்தார். அவர் நல்ல ஆசிரியராக இருந்தார் என்று சொன்னால் அது பொய். முதல் நாள் கூச்சத்தில் தரையைப் பார்த்துப் பேசினார். இரண்டாம் நாள் கூச்சம் போய்விட்டது. மூன்றாம் நாள் நாங்கள் அந்தக் கூச்சத்தைத் தேடும்படி ஆகிவிட்டது.

"அடுப்பு அணையப்போறப்ப கதவத் தொறந்தா எப்படிச் சத்தம் வரும்? குபுக்குனு. நீங்க அப்படித்தான் வாங்கறீங்க. பாதி மூச்சு உள்ள இருக்கறப்பவே கொஞ்சம் வாங்கணும். அடுப்போட கீழ்க் காத்துக் கதவு ஒரு விரலளவு தொறந்திருந்தா போதும், நெருப்புக்கே தெரியாது. வாய அப்படியே வெச்சுக்கோ. விட்ட எடத்துலயே பூனை மாதிரி திரும்ப நுழை. அக்ஸெல், பூனைன்னேன். நீ பசுமாடு மாதிரி நுழையற."

"பசுமாட்டுக்கு வயசாயிடுச்சு" என்றான் அக்ஸெல். ஆனால் செய்தான்.

"சொல்லு முடியற எடத்துல வாங்காத. எல்லாரும் அங்கதான் வாங்குவான். பக்கத்துல இருக்கறவன் தோளப் பாரு. அவன் தோளு ஏறி எறங்கட்டும், அப்புறம் உன் முறை."

மைரே கூடுதலாகப் பட்டைகள் கொண்டுவந்தாள், இப்போது ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர். இல்மார் ஒரு நீளக் கழியால் சுவரில் ஓடும் கோடுகளைத் தட்டிக் காட்டுவார். "இந்தப் பச்சை யாரு? மலையா இது? எனக்கு மலை வேணாம், ரம்பப் பல்லு வேணும்." பச்சை நான்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பாதி கோபம், பாதி சிரிப்பு. எனக்குப் பிடரிக்குப் பின்னாலிருந்து குறை சொன்னால் இன்னும் எரிச்சல். வீட்டில் பாத்திரம் கழுவும்போதும், வாடிக்கையாளர் தலையைக் கழுவும்போதும் திருட்டு மூச்சு பழகினேன். ஒரு கிழவர், "உனக்கு ஆஸ்துமாவா?" என்று கேட்டார்.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் சுவரில் பன்னிரண்டு கோடுகளும் ஓடின. எங்குமே இரண்டு பற்கள் ஒன்றாக வரவில்லை. ஓட்டுக் கூரையில் தூறல் விழுவதுபோல் இங்கொன்று அங்கொன்று. இருபத்தெட்டு விநாடி முடிந்த பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லிக் கையை மடக்க ஊர்வெ மறந்து நின்றாள். ஐம்பதைத் தாண்டியதும் மைரே, "போதும், எல்லாரும் இன்னும் உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

தேர்வு தார்த்துவில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. பட்டை கட்டிக்கொள்ள முடியாது. நடுவர் மேசையில் மூன்று பேர், அவர்களுக்கு முன்னால் தண்ணீரும் பென்சிலும். கடைசிச் சொல் வந்தது. என் முறையில் நான் வாங்கினேன், எனக்கே கேட்காமல். முடிந்ததும் ஒரு நடுவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஊர்வெயைப் பார்த்துக் கேட்டார்.

"அடிக்குரல் எத்தனை பேர்?"

"நாலு."

"நாலா?" அவர் கழுத்தை நீட்டிக் கடைசி வரிசையை எண்ணினார். பிறகு ஏதோ எழுதினார்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. தேறியிருந்தோம், போன தடவையைவிட இரண்டு படி மேலே. அன்று மாலை இல்மாருக்கு நாங்கள் ஒரு பரிசு கொடுத்தோம்: அவருடைய நீலக் கோட்டை மைரே பெரிதாக அச்செடுத்துத் தந்திருந்தாள், சட்டம் போட்டு. அவர் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஜூலையில் தால்லின் போனோம். அங்கே விழாவுக்கு முன்னால் ஊர்வலம் உண்டு. நகரத்தின் நடுவிலிருந்து பாட்டு மைதானம் வரை எல்லாக் குழுக்களும் கொடியோடு நடக்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர், வெயில், நின்று நின்று நகரும் கூட்டம். போன விழாவில் இல்மார் அதை நடந்தே முடித்தார். வழியில் பத்து தடவையாவது குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினார் என்பது பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இந்தத் தடவை கொடியைத் தூக்கும் முன் அவர் ஊர்வெயிடம் போனார். நாங்கள் எல்லாரும் கேட்கும்படிதான் சொன்னார், ரொட்டி விலை சொல்வதுபோல.

"எனக்கு அவ்வளவு தூரத்துக்கு மூச்சு பத்தாது. நான் பஸ்ல வந்துடறேன்."

மேல்குரல் வரிசையிலிருந்து ஒருத்தி, "எனக்கு முட்டி வலி, நானும் வரேன்" என்றாள். இன்னொருத்திக்கு இடுப்பு. அக்ஸெல் தன் வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய் அவர் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் எங்கள் குழுவில் எட்டுப் பேர் நின்றார்கள்.

வைக்கே பார்வையாளராக வந்திருந்தாள். பஸ் கிளம்பும்போது ஜன்னலைத் தட்டி, "மைதானத்துல எனக்கு ஒரு எடம் புடிச்சு வை. அங்க போய்த் தூண்டில் முள்ளு தேடிட்டு இருக்காத" என்றாள்.

இல்மார் அவளைப் பார்த்தார். அவளுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்க வாயைத் திறந்தார். பஸ் நகர்ந்துவிட்டது.